பாலிமர் ஃபிலிம்ல அயன் பீம் வச்சு பேட்டர்ன் போடப் போறீங்களா? ராமநாதபுரம் கடலோரத்துல இருந்து கிளம்புறவங்களுக்கு

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். அயன் பீம் (சார்ஜ் ஏறின அணுக்களோட கதிர்) உங்க சாம்பிள் மேல விழுற நேரம் சில நிமிஷம்தான், ரொம்பப் போனா ரெண்டு மூணு மணி நேரம். மீதி எல்லாமே அதுக்கு முன்னாடியும் பின்னாடியும்தான், ஃபிலிம் போடுறது, ஈரக்காத்துல இருந்து அதைக் காப்பாத்துறது, ப்ரொப்போசல், சீல், கையெழுத்து, டிரெயின் டிக்கெட், ஏ.எஃப்.எம் (பரப்போட மேடுபள்ளத்த ஊசிமுனையால தடவி அளக்குற மைக்ரோஸ்கோப்) க்யூன்னு மாசக்கணக்குல இழுக்கும். ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், தொண்டி பக்கம் காலேஜ்ல எம்.எஸ்சி ப்ராஜெக்ட்டோ பி.எச்டியோ பண்றவங்களுக்கு இதைப்பத்தி பக்கத்துல கேக்க ஆளே கிடையாது, நானும் அப்படித்தான் ஒவ்வொரு இடமா முட்டி மோதித் தெரிஞ்சுக்கிட்டேன். நீங்களும் அதே சுவத்துல முட்ட வேணாம்னுதான் இது.

1. எந்த வழின்னு முதல்ல முடிவு பண்ணுங்க

கே.இ.வி (ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட்) அளவு எனர்ஜில ஒரு அயன் பாலிமருக்குள்ள போனா போற வழியெல்லாம் சங்கிலிய உடைக்கும், ஹைட்ரஜன் வாயுவா வெளிய ஓடிடும், உடைஞ்ச முனைங்க பக்கத்து சங்கிலியோட போய் ஒட்டிக்கும், இதைத்தான் க்ராஸ்லிங்க்னு சொல்றாங்க. டோஸ் (ஒரு சதுர சென்டிமீட்டர்ல விழுற அயன் எண்ணிக்கை) ஏற ஏற மேல்தோல் கார்பன் மாதிரி கறுத்து இறுகி சுருங்கும். இதுல எதை வச்சு பேட்டர்ன் எடுக்கப்போறோம்ங்கறதுல மூணு வழி இருக்கு.

முதல் வழி, மாஸ்க் வச்சு அடிக்கிறது. பீம் பட்ட இடம் மட்டும் மாறும், அப்புறம் சால்வென்ட்ல கழுவினா பேட்டர்ன் நிக்கும். ரெண்டாவது, பி.டி.எம்.எஸ் மாதிரி மெத்துனு இருக்கற ரப்பர் மேல அடிச்சு மேல்தோல மட்டும் இறுக்கிட்டா அது தானா சுருக்கம் சுருக்கமா மடியும். மூணாவது, சாய்வா அடிச்சு மணல்ல காத்து போடுற வரி மாதிரி ரிப்பிள் வர வைக்கிறது. இந்த மூணாவது சிலிக்கான்ல நல்லா வரும், பாலிமர்ல சூடு, சார்ஜ்னு ஏகப்பட்ட தொல்லை, முதல் தடவையே அதுல கை வைக்காதீங்க.

என்னைக் கேட்டா முதல் ப்ராஜெக்ட்டுக்கு சிலிக்கான் துண்டு மேல பாலிஸ்டைரீன் மெல்லிசு ஃபிலிம், நைட்ரஜன் பீம் இல்லன்னா ஆர்கான் பீம், மேல டி.இ.எம் காப்பர் கிரிட் (எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல சாம்பிள் வைக்கிற சின்ன செம்பு வலை) மாஸ்க். அவ்ளோதான். எல்லாரும் பி.எம்.எம்.ஏ சொல்வாங்க, நல்ல பாலிமர்தான், ஆனா டோஸ் கம்மியா இருந்தா அடிபட்ட இடம் கரையும், டோஸ் ஜாஸ்தியானா அதே இடம் கரையாம நிக்கும். புதுசா வர்றவங்களுக்கு பேட்டர்ன் தலைகீழா வந்து நிக்கும்போது ஒண்ணும் புரியாது. பாலிஸ்டைரீன் அந்த மாதிரி குணம் மாறாது, அடிபட்ட இடம் நிக்கும், அடிபடாத இடம் டொலுவீன்ல போயிடும்.

இன்னொண்ணு, மண்டபம் பக்கம் கடல்பாசி கிடைக்குது, அகர்ல ஃபிலிம் போடலாமே, இறால் ஓட்டுல இருந்து கைட்டோசான் எடுக்கலாமேன்னு எல்லாருக்கும் ஆசை வரும். நல்ல ஆசைதான், வள்ளத்து அடியில பாசியும் சிப்பியும் ஒட்டாம இருக்க பேட்டர்ன் போட்ட பரப்பு உதவுமான்னு பாக்கறதுக்கு நம்ம கரையை விட நல்ல இடம் ஏது. ஆனா அந்த ஃபிலிம்லாம் தண்ணிய புடிச்சு வச்சிருக்கும், வேக்குவம் சேம்பருக்குள்ள போனதும் விட ஆரம்பிச்சா பிரஷர் இறங்கவே இறங்காது. பீம் லைன் ஆட்கள் முகம் சுளிப்பாங்க. அதை ரெண்டாவது ப்ராஜெக்ட்டா வச்சுக்கங்க.

2. எனர்ஜி எவ்ளோன்னு ஸ்ரிம் போட்டுப் பாருங்க

ஸ்ரிம்னு ஒரு ப்ரோக்ராம், இலவசம், டவுன்லோட் பண்ணி சி டிரைவ்ல தனி ஃபோல்டர்ல வைங்க, ப்ரோக்ராம் ஃபைல்ஸ்க்குள்ள போட்டா சண்டித்தனம் பண்ணும். அயன், எனர்ஜி, பாலிமரோட அடர்த்தி (பாலிஸ்டைரீன்னா 1.05, பி.எம்.எம்.ஏன்னா 1.19) குடுத்தா அயன் எவ்ளோ ஆழம் போய் நிக்கும்னு சொல்லிடும்.

இங்க ஒரு பெரிய குழி இருக்கு. அயன் போற ஆழம் ஃபிலிம் தடிமன விட கம்மியா இருந்தா மேல் பாதி மட்டும்தான் க்ராஸ்லிங்க் ஆகும், அடிப்பாதி பழைய பாலிமராவே இருக்கும், டொலுவீன்ல முக்குன உடனே அடி கரைஞ்சு மேல இருக்கற பேட்டர்ன் அப்படியே உரிஞ்சு மிதந்து போயிடும். ஃபிலிம் 100 நானோமீட்டர்னா 50 கே.இ.வி நைட்ரஜன் அதைத் தாண்டி சிலிக்கானுக்குள்ள போயிடும், கவலை இல்ல. அதே எனர்ஜில ஆர்கான் கனமான அயன், அவ்ளோ தூரம் போகாது, எனர்ஜிய ஏத்தணும், இல்ல ஃபிலிம மெலிசாக்கணும். ஸ்ரிம் ரிசல்ட்ட பிரின்ட் எடுத்து வைங்க, ப்ரொப்போசல்ல கண்டிப்பா கேப்பாங்க.

3. ப்ரொப்போசலும் பேப்பரும்

நம்ம ஊர்ல இருந்து நடைமுறைல ரெண்டு வாசல். ஒண்ணு டெல்லில ஜே.என்.யூ பக்கம் இருக்கற இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டர். அங்க பெல்லட்ரான்னு பெரிய எனர்ஜி ஆக்சிலரேட்டர் இருக்கு, நமக்கு அது வேணாம், நமக்குத் தேவை லோ எனர்ஜி அயன் பீம் ஃபெசிலிட்டி. நெகட்டிவ் அயன் இம்ப்ளான்ட்டர்னு ஒண்ணும் இருக்கு, ஆனா ஆர்கானும் நைட்ரஜனும் நெகட்டிவ் அயனா கிடைக்காது, வேற அயன் எடுத்தாதான் அது. பாலிமருக்கு நெகட்டிவ் அயன் ரொம்ப உபகாரம், பரப்புல சார்ஜ் ஏறுறது கம்மி. இன்னொண்ணு கல்பாக்கம், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம். அங்க நேரா போய் நிக்க முடியாது, அங்க இருக்கற ஒரு சயின்டிஸ்ட்டோட கூட்டு சேர்ந்து போகணும், இல்லன்னா யூ.ஜி.சி டி.ஏ.இ சி.எஸ்.ஆர் (பல்கலை ஆட்களுக்கு அணுசக்தித் துறை வசதிகள திறந்து விடுற ஆராய்ச்சி அமைப்பு) கல்பாக்கம் நோட் மூலமா ஸ்கீம்ல அப்ளை பண்ணணும்.

டெல்லில பல்கலை, காலேஜ் ஆட்களுக்கு பீம் டைமுக்கு காசு வாங்குறது இல்ல, அது பெரிய நிம்மதி. ப்ரொப்போசல் ஒரு யூசர் கமிட்டிக்கு போகும், வழக்கமா வருஷத்துக்கு ரெண்டு தடவ கூடுவாங்க. கடைசி தேதிய விட்டா அடுத்த ரவுண்டுதான். அப்ளை பண்ணி, கமிட்டி பாத்து, தேதி வந்து, பீம் கிடைக்க குறைஞ்சது ஆறு மாசம்னு மனசுல வைங்க, மெஷின் ரிப்பேர்னா இன்னும் தள்ளும். எம்.எஸ்சி ரெண்டாவது வருஷம் ஜனவரில ப்ராஜெக்ட் ஆரம்பிச்சு ஏப்ரல்ல பீம் எடுக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. மொத வருஷமே பேச்ச ஆரம்பிக்கணும்.

கையில வச்சிருக்க வேண்டியது:

- கைடு கையெழுத்து போட்ட ப்ரொப்போசல், ஸ்ரிம் ரிசல்ட்டோட. எந்த அயன், என்ன எனர்ஜி, எத்தனை சாம்பிள், என்ன டோஸ், எல்லாம் எண்ணா இருக்கணும்
- எச்.ஓ.டி, பிரின்சிபல் ரெண்டு பேர் சீலும் இருக்கற ஃபார்வர்டிங் லெட்டர்
- காலேஜ் ஐடி, ஆதார், ரெண்டு ரெண்டு ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ
- சாம்பிள் விவரம், பாலிமர் பேர், தடிமன், அடியில என்ன இருக்கு, எத்தனை டிகிரில காய வச்சீங்க
- ஏற்கனவே எடுத்த ஏதாவது ஒரு ரிசல்ட். வெறும் ஃபிலிமோட ஏ.எஃப்.எம் படம் போதும், "இவங்களுக்கு ஃபிலிம் போடத் தெரியும்"னு கமிட்டிக்குத் தெரியணும்

ரவுண்டு சீல் ஒண்ணு இல்லைங்கறதுக்காக லெட்டர் ஒரு ஆபீஸ் மேஜைல வாரக்கணக்குல தூங்கின அனுபவம் எனக்கு உண்டு, யாரும் போன் பண்ணி சொல்லவும் இல்ல. அதனால லெட்டர மூணு காப்பி வாங்குங்க, அனுப்பின மறுவாரமே நீங்களே கூப்பிட்டு கேளுங்க.

கல்பாக்கம்னா நுழைவு அனுமதி தனி வேலை. பேர், ஐடி விவரம் முன்கூட்டியே போகணும், போன், லேப்டாப், பென் டிரைவ் எல்லாம் கேட்லயே நின்னுடும். டேட்டாவ எப்படி வெளிய அனுப்புவாங்கன்னு போறதுக்கு முன்னாடியே அங்க இருக்கற ஆள்கிட்ட பேசிடுங்க.

4. ஃபிலிம் போடுறது: நம்ம ஊர் காத்துதான் வில்லன்

சிலிக்கான் வேஃபர வைரமுனை பேனாவால கீறி ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் துண்டா உடைங்க. பின்பக்கம் நம்பரையும் அதே பேனாவால கீறுங்க, மார்க்கர்ல எழுதாதீங்க, மை டொலுவீன்ல கரைஞ்சு முன்பக்கம் வந்துடும். அசிட்டோன், அப்புறம் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், ரெண்டுலயும் பத்து பத்து நிமிஷம் அல்ட்ராசோனிக்ல வச்சு நைட்ரஜன் ஊதி காய வைங்க. காலேஜ்ல நைட்ரஜன் சிலிண்டர் இல்லன்னா கம்ப்ரெஸர் காத்த உபயோகிக்காதீங்க, அதுல எண்ணெய் இருக்கும்.

டொலுவீன்ல 2 சதவீதம் பாலிஸ்டைரீன், ராத்திரி முழுக்க கரைய விட்டு 0.2 மைக்ரான் சிரிஞ்ச் ஃபில்டர்ல வடிகட்டி, துண்டு மேல விட்டு ஸ்பின் கோட்டர்ல (துண்ட வேகமா சுத்தி கரைசல மெல்லிசா பரப்புற மெஷின்) 3000 ஆர்.பி.எம்ல ஒரு நிமிஷம் சுத்தினா 100 நானோமீட்டர் பக்கத்துல வரும். தடிமன அளக்காமலே ஓரளவு கண்ணுல பாக்கலாம், ட்யூப்லைட்டுக்கு கீழ லேசா சாய்ச்சுப் பாருங்க, துண்டு முழுக்க ஒரே ஊதாவா தெரிஞ்சா மட்டமா இருக்கு, ஓரத்துல இருந்து வானவில் மாதிரி வளையம் வளையமா தெரிஞ்சா அதை ஒதுக்கிடுங்க.

இப்ப வில்லன் கதை. க்ளோரோஃபார்ம், டி.எச்.எஃப் மாதிரி சீக்கிரம் ஆவியாகுற சால்வென்ட்ட இந்தக் கரையில ஈரமான நாள்ல ஸ்பின் பண்ணா ஃபிலிம் வெள்ளையா பூத்துப்போகும். சால்வென்ட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காத்துல இருக்கற ஈரம் அது மேல குட்டிக்குட்டி துளியா உக்காந்து, துளி காஞ்சதும் அந்த இடத்துல ஓட்டை நிக்கும். மைக்ரோஸ்கோப்ல பாத்தா தேன்கூடு மாதிரி அழகா இருக்கும், பீம் போடாமலே பேட்டர்ன் வந்துடுச்சுன்னு தோணும். உங்களுக்கு அது வேணாம். டொலுவீன் கொஞ்சம் நிதானமா ஆவியாகும், அதனாலதான் அதைச் சொல்றேன். அப்படியும் வாடை அடிக்கிற ஐப்பசி, கார்த்திகைல ஜன்னலத் திறந்து வச்சு ஸ்பின் பண்ணாதீங்க. ஏசி ரூம்ல, ஈரம் காட்டுற ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் வாங்கி மாட்டி, முள்ளு 50 சதவீதத்துக்கு கீழ இறங்கினதும் வேலைய ஆரம்பிங்க. எங்க பக்கம் மாசி, பங்குனிலதான் உருப்படியா ஃபிலிம் வரும்.

அடுத்தது உப்பு. கடலோரக் காத்துல உப்புத்தூள் இருக்கும், ஈரம் 75 சதவீதத்தத் தாண்டினா அந்தத் தூள் தானே தண்ணிய இழுத்து துளியாகும், காஞ்சா மறுபடி கட்டியாகும். ஃபிலிம் மேல அது உக்காந்தா ஏ.எஃப்.எம்ல சதுரம் சதுரமா மேடு தெரியும், ஈ.டி.எக்ஸ் (என்னென்ன தனிமம் இருக்குன்னு காட்டுற சோதனை) எடுத்தா சோடியம், க்ளோரின் பீக் எட்டிப்பாக்கும். கடலுக்கு நேரா ஜன்னல் வச்ச லேப்னா சாம்பிள்ள ஒரு நிமிஷம் கூட திறந்து வைக்காதீங்க, மூடி போட்ட பெட்ரி டிஷ், அது டெசிகேட்டருக்குள்ள, அடியில நீல சிலிக்கா ஜெல். நீலம் ரோஸ் ஆச்சுன்னா ஓவன்ல வறுத்துட்டு திரும்பப் போடுங்க, நம்ம ஊர்ல அது சீக்கிரமே ரோஸ் ஆகும்.

காய வைக்கிறது வேக்குவம் ஓவன்ல 80 டிகிரி, ராத்திரி முழுக்க. சீக்கிரம் காயட்டும்னு 120, 130க்கு ஏத்தாதீங்க, பாலிஸ்டைரீன் 100 டிகிரி பக்கத்துல இளகிடும், மெல்லிசு ஃபிலிம்னா சிலிக்கான விட்டு விலகி ஓட்டை ஓட்டையா ஆகும். ராத்திரி கரண்ட் போற ஊர்னா இன்னொரு வேலை இருக்கு, ரோட்டரி பம்ப் நின்னதும் பம்ப் எண்ணெய் ஓவனுக்குள்ள ஏற வாய்ப்பு உண்டு, அதனால வேக்குவம் புடிச்சதும் வால்வ மூடிட்டு பம்ப நிறுத்திட்டு வீட்டுக்குப் போங்க.

எத்தனை போடணும்? டோஸ் ஒவ்வொண்ணுக்கும் மாஸ்க் போட்டது ரெண்டு, மாஸ்க் இல்லாதது ஒண்ணு. அதுக்கு மேல பீமே படாம அதே சேம்பர்ல வேக்குவம் மட்டும் பாத்துட்டு வர்றது ரெண்டு. இந்த கடைசி ரெண்ட நிறைய பேர் விட்டுடுறாங்க, வைவால முதல் கேள்வியே அதுதான் வரும்.

5. மாஸ்க்

டி.இ.எம் கிரிட்னா 3 மில்லிமீட்டர் வட்டம், 200 மெஷ்னா ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் 127 மைக்ரான். நூறு கிரிட் இருக்கற டப்பா சில ஆயிரம் ரூபாய் ஆகும், ஆனா உங்களுக்கு இருபது இருந்தா போதும், டி.இ.எம் இருக்கற டிபார்ட்மென்ட்ல கேட்டா கொஞ்சம் குடுப்பாங்க, கார்பன் பூசாத வெறும் கிரிட்டா பாத்து வாங்குங்க.

கிரிட்ட ஃபிலிம் மேல ஒட்டுறதுல கவனம். பசை போட்டா பசைல இருக்கற சால்வென்ட் ஃபிலிம கரைச்சுடும். சமையல் அலுமினிய ஃபாயில்ல 2 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, கிரிட்ட ஃபிலிம் மேல வச்சு, ஃபாயில அதுக்கு மேல வச்சு, ஃபாயிலோட ஓரத்த சிலிக்கானுக்கு பின்பக்கம் மடிச்சு விடுங்க. கிரிட் நகராது, சார்ஜும் ஃபாயில் வழியா ஓடிடும். கிரிட் ஃபிலிமோட ஒட்டி படியணும், தூக்கிக்கிட்டு இருந்தா ஓரம் மங்கலா வரும். டெல்லி குளிர்காலத்துல காத்து வறண்டு கிடக்கும், ட்வீசர்ல எடுத்த கிரிட் ஸ்டாட்டிக்ல துள்ளி எங்கயோ போகும், நம்ம ஊர்ல இந்தத் தொல்லை இல்ல, அதனால மாஸ்க் வேலைய இங்கயே முடிச்சுட்டு கிளம்புங்க.

6. பயணம்

டெல்லின்னா ராமநாதபுரத்துல இருந்து சென்னை போய் தமிழ்நாடு எக்ஸ்பிரஸோ, மதுரை போய் சம்பர்க் கிராந்தியோ புடிக்கலாம். ரிசர்வேஷன் இப்ப 60 நாளுக்கு முன்னாடிதான் திறக்குது, பீம் தேதி மெயில் வந்த அன்னிக்கே புக் பண்ணுங்க. டிசம்பர், ஜனவரில பனிமூட்டத்துல வடக்க டிரெயின் எல்லாம் மணிக்கணக்குல லேட் ஆகும், ஒரு நாள் முன்னாடியே போய் சேர்ற மாதிரி போடுங்க. கெஸ்ட் ஹவுஸுக்கு தனியா மெயில் போடணும், பீம் டைம் கிடைச்சா ரூமும் தானா கிடைச்சுடும்னு நினைச்சுடாதீங்க. கல்பாக்கம்னா சுலபம், சென்னை டிரெயின்ல செங்கல்பட்டுல இறங்கி திருக்கழுக்குன்றம் வழியா பஸ்.

டொலுவீன், அசிட்டோன் எதையும் டிரெயின்ல எடுத்துட்டுப் போகாதீங்க, தீப்புடிக்கிற சரக்கு, சட்டப்படி தப்பு. கழுவுற வேலை எல்லாம் திரும்பி வந்துதான். சாம்பிள் டப்பாவ சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட ஜிப் கவர்ல போட்டு கைப்பையில வச்சுக்கங்க.

7. பீம் அன்னிக்கு

கணக்க நோட்டுல எழுதி எடுத்துட்டுப் போங்க. ஒரு சதுர சென்டிமீட்டர்ல 1 மைக்ரோஆம்ப் கரண்ட்னா, ஒத்தை சார்ஜ் அயனுக்கு, செகண்டுக்கு 6.24 x 10 பவர் 12 அயன். பாலிமருக்கு அவ்ளோ கரண்ட் வேணாம், 50 கே.இ.வில 1 மைக்ரோஆம்ப்னா 50 மில்லிவாட் சூடு அந்தச் சின்ன இடத்துல இறங்கும், ஃபிலிம் இளகும். 0.2 வைங்க. அப்ப 10 பவர் 14 டோஸுக்கு 80 செகண்ட், 10 பவர் 15க்கு 13 நிமிஷம் சொச்சம், 10 பவர் 16க்கு ரெண்டே கால் மணி நேரம். கழுவி பேட்டர்ன் எடுக்க 10 பவர் 14, 15 போதும், 16 கறுத்துப்போன கார்பன் தோல் வேணும்னா மட்டும்.

இங்க ரெண்டு இடத்துல கணக்கு தப்பும். ஒண்ணு, அயன் ரெட்டை சார்ஜா இருந்தா மீட்டர் காட்டுற கரண்ட்ட ரெண்டால வகுக்கணும். இன்னொண்ணு, பீம் ஸ்கேன் ஆகுற மொத்தப் பரப்பத்தான் கணக்குல எடுக்கணும், உங்க சாம்பிள் சைஸ இல்ல. ஸ்கேன் ஏரியா எவ்ளோன்னு ஆபரேட்டர்கிட்ட கேட்டு எழுதிக்கங்க, அவங்களா சொல்ல மாட்டாங்க, கேட்டா "ஏன் மொதல்லயே கேக்கல"ம்பாங்க.

கம்மி டோஸ முதல்ல போடுங்க. ராத்திரி ஷிஃப்ட்ல பீம் நின்னுபோச்சுன்னா கையில ஏதாவது நிக்கும். சேம்பர திறக்கும்போது நைட்ரஜன் விட்டு திறக்கச் சொல்லுங்க, அடிபட்ட பரப்புல ஃப்ரீ ரேடிக்கல் (ஒட்ட இடம் தேடுற உடைஞ்ச முனைங்க) மிச்சம் இருக்கும், காத்து பட்டதும் ஆக்சிஜன இழுக்கும். கான்டாக்ட் ஆங்கிள் (தண்ணித்துளி பரப்புல உக்கார்ற கோணம்) எடுக்கப் போறீங்கன்னா திறந்த நேரத்த எழுதி வைங்க, இன்னிக்கு வர்ற எண்ணும் அடுத்த வாரம் வர்ற எண்ணும் ஒண்ணா இருக்காது.

8. கழுவுறது

ஊருக்கு வந்ததும் மாஸ்க்க ட்வீசர்ல நேரா மேல தூக்குங்க, இழுக்காதீங்க. கழுவுறதுக்கு முன்னாடியே ஒரு தடவ மைக்ரோஸ்கோப்ல பாருங்க, அடிபட்ட கட்டமும் படாத வரியும் நிற வித்தியாசத்துல தெரியணும், தெரியலன்னா டோஸ் சரியா விழல, அந்தத் துண்ட கழுவி வீணாக்காதீங்க. அப்புறம் டொலுவீன்ல 30 செகண்ட், மெதுவா ஆட்டி, புது டொலுவீன்ல இன்னொரு முக்கு, ஐசோப்ரோப்பைல்ல ஒரு முக்கு, நைட்ரஜன். அல்ட்ராசோனிக்ல போடாதீங்க, பிஞ்சுடும். எக்ஸாஸ்ட் ஹுட்குள்ளதான் செய்யணும், டொலுவீன் வாசம் தலைய சுத்த வைக்கும்.

9. ஏ.எஃப்.எம், செலவு, கடைசிப் பேப்பர்

பக்கத்துல காரைக்குடிதான் நமக்கு கதி, சிக்ரியும் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) அழகப்பா யுனிவர்சிட்டியும் ஒரே ஊர்ல இருக்கு. போறதுக்கு முன்னாடி கொட்டேஷன் எழுத்துல வாங்குங்க, சாம்பிளுக்கு எவ்ளோ, ஒரு சாம்பிளுக்கு எத்தனை ஸ்கேன், மாணவர் கட்டணம் இருக்கா, ஜி.எஸ்.டி தனியா, எல்லாம் அதுல இருக்கணும். மாணவர் கட்டணத்துக்கு கைடு லெட்டர் தனியா கேப்பாங்க. 127 மைக்ரான் கட்டம் ஏ.எஃப்.எம் ஸ்கேனுக்குள்ள முழுசா அடங்காது, சாதாரணமா 100 மைக்ரானுக்குள்ளதான் ஸ்கேன் ஓடும், அதனால கட்டத்தோட ஓரத்த ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க, படி உயரம் அங்கதான் கிடைக்கும். மொத்த படத்துக்கு சாதாரண ஆப்டிகல் மைக்ரோஸ்கோப் போதும், அதுக்கு காசு குடுக்காதீங்க. ஆபரேட்டர்கிட்ட ரா ஃபைல் கேட்டு வாங்குங்க, கலர் போட்ட படம் மட்டும் வச்சுக்கிட்டு அப்புறம் உயரம் அளக்க முடியாது.

பீம் குடுத்த இடத்துக்கு ரிப்போர்ட் ஒண்ணு அனுப்பணும், பேப்பர் வந்தா நன்றிப்பகுதில அவங்க பேரும் போடணும். இதைச் செய்யாம விட்டா அடுத்த ப்ரொப்போசல்ல முதல் கேள்வியே "போன தடவ எடுத்த பீம் என்னாச்சு"ன்னு வரும், அந்தக் கேள்வி உங்களுக்கு மட்டும் இல்ல, உங்க காலேஜ்ல இருந்து அடுத்து அப்ளை பண்ற ஜூனியருக்கும் சேர்த்து வரும். ரிப்போர்ட் ரெண்டு பக்கம் போதும், கழுவின பேட்டர்ன் படம் ஒண்ணு, டோஸ் அட்டவணை ஒண்ணு.